கோடிட்ட இடத்தில் விட்ட 40 மதிப்பெண்: எல்பிஐசி 102 எழுதிய அனுபவம்

லினக்ஸ் நிர்வாகத்துக்கான எல்பிஐசி-1 சான்றிதழுக்கு 101, 102 என்று இரண்டு தாள். போன செவ்வாய்க்கிழமை 102 தேறிவிட்டேன். 560. முதல் தடவை 460, அதாவது தேர்ச்சிக்கு 40 குறைவு. திரையில் ரிசல்ட் வந்ததும் வெளியே வந்து, அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லி, ஒரு டீ குடித்த பிறகுதான் கை நடுக்கம் நின்றது. இரண்டு தடவைக்கும் நடுவில் மூன்று மாதம். அதில் புரிந்ததைச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஸ்கிரிப்டிங், நெட்வொர்க் பகுதிகளுக்கு நல்ல குறிப்புகள் நிறையக் கிடைக்கின்றன. நான் சொல்லப்போவது ஹார்டுவேர், செக்யூரிட்டி இரண்டைப் பற்றித்தான். முதலாவது எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது என் வேலைக்குத் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதுச்சேரி நெல்லித்தோப்புப் பக்கம் ஒரு லேப்டாப் சர்வீஸ் கடையில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். வீடு கடலூர் முதுநகர். காலை பஸ்ஸில் போய் இரவு பஸ்ஸில் திரும்புவேன். கடலோரம் என்பதால் உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. ஆன் ஆகாத மிஷின் வந்தால் முதலில் ரேமைக் கழற்றி, கறுத்துப்போன பின்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பப் போட்டுப் பார்ப்போம். பல மிஷின்கள் அதிலேயே எழுந்துவிடும். இப்படிப்பட்ட கையோடு இருந்ததால், 101-இல் ஹார்டுவேர் பகுதியைத் திறந்துகூடப் பார்க்காமல் விட்டிருந்தேன்.

ஆனால் ரேமை எப்படி மாட்டுவது என்று யாரும் கேட்கப்போவதில்லை. மாட்டிய பொருளை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எந்தப் பெயரில் பார்க்கிறது, அந்தத் தகவல் எந்தக் கோப்பில் இருக்கிறது என்பதுதான் பாடம். அது ஒரு பழைய லேப்டாப் வந்த அன்றுதான் எனக்கு உறைத்தது.

101-க்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு அக்கா அதைக் கொண்டுவந்தார். விண்டோஸ் ரொம்ப இழுக்கிறது, லினக்ஸ் ஏதாவது போட்டுக்கொடுங்கள், பையன் படிக்க வேண்டும் என்றார். டெபியன் போட்டேன். வைஃபை வரவில்லை. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "கார்டு போயிருக்கும் தம்பி. ஒரு யூஎஸ்பி டாங்கிளைக் குத்திக் கொடுத்துடு" என்றார். "ஒரு நிமிஷம் இருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே இருக்கும் கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை -என்என்கே சேர்த்து அடித்தேன். பிராட்காம் பிசிஎம்4312 என்று வந்தது. கார்டு பட்டியலில் இருக்கிறது என்றால் உயிரோடுதான் இருக்கிறது. அதற்குக் கீழே, பயன்பாட்டில் உள்ள டிரைவர் பி43-பிசிஐ-பிரிட்ஜ், மாட்யூல் (கெர்னலில் ஏற்றி இறக்கக்கூடிய துண்டு) எஸ்எஸ்பி. சரி, டிரைவரும் ஏறியிருக்கிறது. அப்புறம் கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜைப் பார்த்தேன். பி43/யூகோட்15 என்ற ஃபர்ம்வேர் கோப்பு, அதாவது கார்டுக்குள்ளேயே ஓட வேண்டிய மென்பொருள், கிடைக்கவில்லை என்று கெர்னலே எழுதி வைத்திருந்தது.

போனை யூஎஸ்பியில் மாட்டி இணையம் எடுத்து, ஃபர்ம்வேர் பேக்கேஜை இறக்கினேன். டெபியன் 12-இலிருந்து பெரும்பாலான ஃபர்ம்வேர் இன்ஸ்டாலரிலேயே வந்துவிடுகிறது. பி43-க்கு மட்டும் வராது, ஏனென்றால் அதை மறுவினியோகம் செய்ய உரிமை இல்லை. பிராட்காமின் சொந்த டிரைவரிலிருந்து அதைப் பிரித்தெடுக்க வேண்டும், அந்தப் பேக்கேஜ் செய்வது அதைத்தான். பிறகு மோட்ப்ரோப் -ஆர் பி43 அடித்து மாட்யூலை இறக்கி, மறுபடி மோட்ப்ரோப் பி43 அடித்து ஏற்றினேன். பக்கத்துக் கடைகளின் வைஃபை பெயர்கள் வரிசையாக வந்தன. ரீஸ்டார்ட்கூடச் செய்யவில்லை.

கார்டு இருக்கிறதா, டிரைவர் பிடித்திருக்கிறதா, ஃபர்ம்வேர் ஏறியிருக்கிறதா. மூன்றும் தனித்தனிக் கேள்விகள், மூன்றுக்கும் வேறு வேறு கட்டளைகள். ஹார்டுவேர் பகுதியான 101.1 முழுவதையும் இந்த வரிசையில் அடுக்கிக்கொண்டேன். மீதி எல்லாம் அதில் தானாக ஒட்டிக்கொண்டது:

- எல்எஸ்மாட் காட்டுவது /ப்ராக்/மாட்யூல்ஸ் கோப்பில் இருப்பதைத்தான், அழகாக அடுக்கி.
- இன்ஸ்மாட் சார்பு மாட்யூல்களைத் தேடாது. மோட்ப்ரோப் தேடும், டெப்மாட் எழுதிவைத்த மாட்யூல்ஸ்.டெப் பட்டியலைப் பார்த்து.
- /ஈடிசி/மோட்ப்ரோப்.டி-க்குள் பிளாக்லிஸ்ட் என்று எழுதினால் மாட்யூல் தானாக ஏறாது. கையால் ஏற்றினால் ஏறும்.
- ஐஆர்க்யூ எண்கள் /ப்ராக்/இன்டரப்ட்ஸ். ஐஓ முகவரிகள் /ப்ராக்/ஐஓபோர்ட்ஸ். இரண்டையும் குழப்பாதீர்கள்.
- என்விஎம்இ டிஸ்கின் முதல் பார்ட்டிஷன் என்விஎம்இ0என்1பி1. அந்த 'பி' ஏன் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். எஸ்டிஏ1-இல் அது கிடையாது.

சொந்த மிஷின் இல்லையே என்பவர்களுக்கு ஒன்று. தமிழ்நாடு அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த பழைய லேப்டாப்களில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள், நினைவிருக்கும். சி-டாக் உருவாக்கிய, டெபியனை அடிப்படையாகக் கொண்ட சிஸ்டம் அது. பல வீடுகளில் அந்த லேப்டாப் இன்னும் பரண்மேல் கிடக்கிறது. பேட்டரி போயிருந்தாலும் பரவாயில்லை, சார்ஜரைச் செருகினால் ஓடும். எனக்கு லேப் என்று இருந்தது தங்கையின் அந்த ஒரு மிஷின்தான். விர்ச்சுவல் மிஷினில் எல்எஸ்பிசிஐ அடித்தால் போலிக் கார்டுகளின் பெயர்தான் வரும். நிஜ ஹார்டுவேரில் அடித்துப் பாருங்கள்.

101 முதல் தடவையிலேயே தேறியது. இனி 102.

பாடத்திட்டத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் போட்டிருக்கும் வெயிட் கணக்கை முதலிலேயே ஒழுங்காகப் பார்த்திருக்க வேண்டும். தாள் ஒன்றுக்கு 60 கேள்வி, வெயிட்களைக் கூட்டினாலும் 60. ஆகவே ஒரு வெயிட் என்றால் ஏறக்குறைய ஒரு கேள்வி. 101.1-க்கு வெயிட் 2. அதற்கு நான் கொடுத்தது இரண்டு வாரம். 110 என்ற செக்யூரிட்டி தலைப்புக்கு 3, 3, 4, மொத்தம் 10. அதற்கு நான் கொடுத்தது நான்கு நாள்.

அந்த நான்கு நாளும்கூடப் படித்த நாளாக இல்லை. ஒரு பயிற்சி நிலையத்தில் பணம் கட்டியிருந்தேன். வகுப்பு நடத்துவார்கள் என்று நம்பிப் போனால், கேள்வி-பதில் பிடிஎஃப் ஒன்றைக் கையில் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். வெளியிலிருந்து யார் இணையலாம், யார் கூடாது என்று சொல்லும் இரண்டு கோப்புகளில் ஹோஸ்ட்ஸ்.டினை முதலில் பார்க்கப்படும் என்று அதில் அச்சடித்திருந்தது. தப்பு. முதலில் பார்ப்பது ஹோஸ்ட்ஸ்.அலவ். அதில் பொருந்தினால் அனுமதி, தேடல் அங்கேயே முடிந்தது. இல்லையென்றால் ஹோஸ்ட்ஸ்.டினை, அதில் பொருந்தினால் மறுப்பு. இரண்டிலும் இல்லையென்றால் அனுமதி. மேனுவல் பக்கத்தின் தொடக்கத்திலேயே இது இருக்கிறது. கட்டிய பணம் போனதைவிட, மேனுவலைத் திறக்காமல் அந்தத் தாளை நம்பிய நாட்கள்தான் எனக்கு இன்னும் எரிகிறது. இப்படிப்பட்ட கேள்வி-பதில் தாளைத்தான் டம்ப் என்பார்கள். டம்ப் வாங்காதீர்கள். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். புதுச்சேரியில் எஃப்எஸ்எச்எம், விழுப்புரத்தில் விஜிஎல்யூஜி என்று கட்டற்ற மென்பொருளைச் சொல்லிக்கொடுப்பதையே வேலையாக எடுத்துச் செய்யும் அமைப்புகள் இருக்கின்றன. அங்கே போய்க் கேளுங்கள்.

முதல் தடவை வந்த ஸ்கோர் ஷீட்டில் செக்யூரிட்டி 40 சதவீதம். தேர்வில் வந்த கேள்விகளை வெளியே சொல்லமாட்டோம் என்று ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறோம், அதனால் அவற்றை எழுதமாட்டேன். கீழே இருப்பவை, தோற்ற பிறகு உட்கார்ந்து நானே கண்டுபிடித்த என் ஓட்டைகள்.

முதல் ஓட்டை ஒரே ஒரு கோடு. எஸ்யூஐடி கோப்புகளை (யார் ஓட்டினாலும் கோப்பின் உரிமையாளருடைய அதிகாரத்தில் ஓடுபவை) தேட ஃபைண்ட் கட்டளையில் -பெர்ம் 4000 என்று அடித்தேன். ஒன்றுமே வரவில்லை. நம் மிஷினில் எஸ்யூஐடி கோப்பே இல்லை போலிருக்கிறது என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். பஸ் அரியாங்குப்பத்தைத் தாண்டியதோ இல்லையோ, மனசு கேட்கவில்லை. பாஸ்வேர்டு மாற்றும் பாஸ்வுட் கட்டளைக்கே எஸ்யூஐடி உண்டே, அது எப்படி வராமல் போகும்? வீட்டுக்கு வந்து எல்எஸ் -எல் அடித்தேன். பாஸ்வுட் கோப்பின் அனுமதி 4755. நான் தேடியதோ சரியாக 4000 மட்டும் இருக்கும் கோப்பை. எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் கோடு போட்டு -4000 என்று அடித்தால்தான் 'இந்த பிட்டும் இருக்கிற எல்லாம்' என்று பொருள். சாய்கோடு போட்டு /6000 என்றால் எஸ்யூஐடி, குழுவுக்கான எஸ்ஜிஐடி இரண்டில் எது இருந்தாலும் சரி. கோடு இல்லாமல், கழித்தலுடன், சாய்கோட்டுடன் என்று மூன்றையும் அடித்து, வந்த வரிகளின் எண்ணிக்கையை நோட்டில் எழுதினேன். அன்று இரவு பதினொன்றரை மணி. செக்யூரிட்டி எனக்குப் பிடிக்க ஆரம்பித்ததே அந்த நேரத்தில்தான்.

இரண்டாவது, நோலாகின். இந்தப் பெயரில் இரண்டு பொருள்கள். /எஸ்பின்/நோலாகின் என்பது ஷெல்லுக்குப் பதிலாக ஒரு பயனருக்கு வைப்பது, அந்த ஒருவர் மட்டும் நுழைய முடியாது. /ஈடிசி/நோலாகின் என்பது வெறும் கோப்பு. அது இருந்தால் முழு அதிகாரம் உள்ள ரூட் தவிர யாரும் நுழைய முடியாது, அதில் எழுதியிருப்பது மற்றவர்களுக்குச் செய்தியாகத் தெரியும். கடையின் உபுண்டு மிஷினில் டச் கட்டளையால் இந்தக் கோப்பை உருவாக்கிவிட்டு லாக்அவுட் செய்தேன். உபுண்டுவில் ரூட்டுக்குப் பாஸ்வேர்டே வைத்திருப்பதில்லை, எல்லாம் ரூட் அதிகாரத்தைத் தற்காலிகமாகத் தரும் சூடோதான். சூடோ அடிக்க முதலில் உள்ளே போக வேண்டும், உள்ளே போகத்தான் வழியில்லையே. லைவ் பென்டிரைவில் பூட் செய்து, டிஸ்கை மவுண்ட் செய்து, கோப்பை அழித்து மீட்க முக்கால் மணி நேரம். பில் போட ஆள் காத்திருந்தார்கள், முதலாளி ஒரு வார்த்தை பேசவில்லை. அது இனி ஜென்மத்துக்கும் மறக்காது.

மூன்றாவது, பாஸ்வுட் -எல். கணக்கைப் பூட்டிவிட்டோம் என்று நினைப்போம். பூட்டுவது பாஸ்வேர்டை மட்டும்தான். அந்தப் பயனரிடம் எஸ்எஸ்எச் (இன்னொரு மிஷினிலிருந்து பாதுகாப்பாக நுழையும் வழி) சாவி இருந்தால் அவர் பாட்டுக்கு உள்ளே வருவார். கணக்கையே முடக்க சேஜ் -ஈ 0. பெரிய ஈ. இங்கே பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் உயிர்நாடி: பெரிய எம் அதிகபட்ச நாள், சின்ன எம் குறைந்தபட்ச நாள்.

இவற்றில் ஒன்றுகூடப் புரியாத விஷயம் கிடையாது. நான்கு விடை கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் சரியாகச் சொல்லியிருப்பேன். ஆனால் 102-இல் நாமே தட்டச்சு செய்ய வேண்டிய கோடிட்ட இடங்கள் வருகின்றனவே, அங்கே கண்ணுக்குப் பழகியது உதவாது, கை அறிந்திருக்க வேண்டும். ஒரு எழுத்து விட்டால் மதிப்பெண் போயிற்று. அதோடு அந்தக் கேள்விகளின் அடியில் ஒரு குறிப்பு இருக்கும். சிலவற்றில் ஆப்ஷனும் பாதையும் இல்லாமல் கட்டளையை மட்டும் எழுதச் சொல்லும், சிலவற்றில் முழுப் பாதையோடு கோப்பின் பெயரை. முதல் தடவை அவசரத்தில் இதை நான் மதிக்கவே இல்லை. போன 40-இல் பெரும்பங்கு இங்கேதான் என்பது என் கணிப்பு.

அதனால் செய்தது இதுதான்: 40 பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஒவ்வொரு இரவும் மூன்று கட்டளை, இரண்டு கோப்புப் பாதை. பார்க்காமல், பேனாவால். மறுநாள் காலை பஸ்ஸில் மேனுவலோடு ஒப்பிட்டுத் தப்புக்கு மட்டும் சிவப்பு மை. போனில் தட்டினால் அது தானாகத் திருத்திவிடும், ஷெல்லில் அடித்தால் டேப் சாவி முடித்துக்கொடுத்துவிடும். காகிதத்துக்கு அந்தக் கருணை இல்லை. நண்பர் ஒருவர் ஃபிளாஷ்கார்டு செயலியில் படித்தே தேறினார். எனக்கு அது ஒத்துவரவில்லை.

என் நோட்டில் சிவப்பு மை அதிகம் விழுந்தவை:

- ஹூ, டபிள்யூ, லாஸ்ட். இப்போது உள்ளே இருப்பவர்கள், அவர்கள் என்ன செய்கிறார்கள், முன்பு வந்துபோனவர்கள். லாஸ்ட் படிப்பது /வார்/லாக்/டபிள்யூடிம்ப்.
- எஸ்எஸ்எச்_கான்ஃபிக் கிளையண்டுக்கு, எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக் சர்வருக்கு. நடுவில் ஒரே ஒரு 'டி'.
- தனிச்சாவிக் கோப்பின் அனுமதி 600. மற்றவர்கள் படிக்கும்படி இருந்தால் எஸ்எஸ்எச் அந்தச் சாவியையே ஒதுக்கிவிடும்.
- யூலிமிட் (ஒரு பயனர் எவ்வளவு வளம் எடுக்கலாம் என்ற வரம்பு): சாஃப்ட் எல்லையை ஹார்டு எல்லைவரை பயனரே உயர்த்தலாம். ஹார்டு எல்லையை உயர்த்த ரூட் வேண்டும்.
- ஃபியூசர் -கே, கோப்பைப் பயன்படுத்தும் புராசஸைக் காட்டுவதோடு நிற்காது, கொன்றுவிடும்.
- ஜிபிஜி (கோப்புகளைக் குறியாக்கம் செய்யும் கருவி): பெறுபவரின் பொதுச்சாவியால் பூட்டு, நம் தனிச்சாவியால் கையெழுத்து.

குறியாக்கம் பற்றிய 110.3-ஐக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள், செக்யூரிட்டியில் அதுதான் வெயிட் 4. எஸ்எஸ்எச் சாவியை உருவாக்கி இரண்டு மிஷினுக்கு நடுவில் ஒருமுறையாவது போய்வாருங்கள். சர்வரில் சிஸ்டத்தைப் புதிதாகப் போட்டுவிட்டு மறுபடி நுழைந்து பாருங்கள், ஹோஸ்ட் சாவி மாறிவிட்டது என்று பெரிய எழுத்தில் எச்சரிக்கை வரும். நோன்_ஹோஸ்ட்ஸ் கோப்பு எதற்கு இருக்கிறது என்று அப்போது தெரியும்.

இரண்டாவது தடவை சென்னை சென்டரில் எழுதினேன். விடியற்காலை பஸ், ஈசிஆர் வழியாக. மரக்காணம் வரை நோட்டைப் புரட்டினேன், அப்புறம் மூடிவைத்துத் தூங்கிவிட்டேன். 90 நிமிடத்தில் முதல் 55 நிமிடம் எல்லாக் கேள்வியையும் ஒரு சுற்று. கோடிட்ட இடங்களை எல்லாம் மார்க் செய்து வைத்தேன், விடை தெரிந்திருந்தாலும். மீதி நேரத்தில் அவற்றுக்கு மட்டும் திரும்பி வந்து, அடியில் உள்ள குறிப்பை உதட்டை அசைத்துப் படித்துவிட்டு, எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். இரண்டு இடத்தில் கட்டளை மட்டும் கேட்டிருந்ததற்குப் பாதையும் சேர்த்து எழுதியிருந்தேன். திருத்தினேன். முடித்துக்கொள்ளும் பட்டனை அழுத்தும்போது நாலு நிமிடம் மிச்சம் இருந்தது. ஸ்கோர் ஷீட்டில் செக்யூரிட்டி 90 சதவீதம்.