அல் அஹ்லியின் தொடக்க ஆண்டுகள்: கையால் வரையும் காலக்கோடு, இதுவரை

கெய்ரோவின் அல் அஹ்லி கால்பந்துக் கழகம் உருவாகி வளர்ந்த விதத்தை ஒரே நீளத் தாளில் வரைந்து பார்க்கும் முயற்சியில், 1905 முதல் 1925 வரையிலான பகுதி இப்போது முடிந்திருக்கிறது. ஓர் ஆண்டுக்கு 10 செ.மீ. என்று அளவு வைத்து, சார்ட் தாள்களை நீளவாக்கில் ஒட்டி, மூன்று வரிசைகளாகப் பிரித்துக்கொண்டேன். மேல் வரிசையில் எகிப்தின் அரசியல், நடுவில் கழகத்தின் நிர்வாகம், கீழே விளையாட்டுக் களம். எழுத்து முழுவதும் கறுப்பு மையில். கழகத்தைப் பற்றியவற்றுக்கு மட்டும் சிவப்பு அடிக்கோடு.

கழகம் நிறுவப்பட்ட நாள் 1907 ஏப்ரல் 24. ஆனாலும் காலக்கோட்டை 1905இலிருந்து தொடங்கியதற்குக் காரணம் உண்டு. அந்த ஆண்டில்தான் கெய்ரோவில் உயர்கல்வி மாணவர்களுக்கான மன்றம் அமைந்தது. பிரிட்டிஷ் ஆதிக்கத்தை எதிர்த்த இளைஞர்கள் அங்கே கூடினர். அதனுடன் நெருங்கிய தொடர்புடைய வழக்கறிஞர் ஒமர் லுத்ஃபி, இந்த மாணவர்கள் ஓய்வு நேரத்தில் கூடி விளையாட இடம் வேண்டும் என்று எண்ணியதே அல் அஹ்லியின் விதை. எகிப்தில் கூட்டுறவு இயக்கத்துக்கு வித்திட்டவரும் இவர்தான் என்பதை நடு வரிசையின் ஓரத்தில் சிறு குறிப்பாக எழுதினேன். பலரைத் திரட்டிப் பொதுவில் ஒன்றைக் கட்டுவது அவருடைய இயல்பாகவே இருந்திருக்கிறது. 1906இல் தின்ஷவாய் கிராமத்தில் பிரிட்டிஷ் அதிகாரிகளுடன் ஏற்பட்ட மோதலுக்காகக் கிராமத்தார் தூக்கிலிடப்பட்டதும், அதனால் நாடெங்கும் எழுந்த கொதிப்பும் மேல் வரிசையில் வந்தபோது, அடுத்த ஆண்டே இப்படி ஒரு கழகம் தோன்றியதன் பின்னணி கண்ணுக்கு நேராகத் தெரிந்தது.

1907ஆம் ஆண்டுக்கான பத்து சென்டிமீட்டர்தான் மிகவும் நெரிசலானது. நிறுவனர்களிடையே, பின்னாளில் மிஸ்ர் வங்கியைத் தொடங்கிய தலாத் ஹர்ப் இருக்கிறார். முதல் பொதுக்குழுவுக்குத் தலைமை தாங்கிய, பிரிட்டிஷாருக்கு எதிரான 1919 புரட்சியின் தலைவராக உயரவிருந்த சாத் ஸக்லூல் இருக்கிறார். இவர்களுக்கு நடுவே, கழகத்தின் முதல் தலைவராக நிதி அமைச்சகத்தில் பணியாற்றிய மிட்செல் இன்ஸ் என்ற ஆங்கிலேயர் அமர்கிறார்! ஆங்கிலேயர் பிடியில் இருந்த நாட்டில், உள்ளே செல்வாக்குள்ள அதிகாரி ஒருவர் முன்னால் நின்றால் காரியம் தடையின்றி நடக்கும் என்று நிறுவனர்கள் கருதியிருப்பார்கள் என்பது என் கணிப்பு. 1908இலேயே எகிப்தியரான அஸீஸ் இஸ்ஸத் பாஷா தலைவரானார். இத்தனையையும் அடக்க, அளவை மாற்றாமல், அந்த இடத்தில் மேல்நோக்கித் திறக்கும் தாள் மடிப்பு ஒன்றை ஒட்டினேன். நெரிசலுக்காக ஓர் ஆண்டை மட்டும் அகலமாக்கினால் மற்ற ஆண்டுகளின் இடைவெளி பொய்யாகிவிடும்.

கீழ் வரிசைதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. 1909இல் கழகக் கட்டடம் திறக்கப்பட்ட பிறகும், கால்பந்து அணி 1911இல்தான் முறையாக அமைகிறது. அதுவரை அந்த வரிசை ஏறக்குறைய வெறுமையாகவே நீள்கிறது. ஆப்பிரிக்காவின் மிகப் புகழ்பெற்ற கால்பந்துக் கழகம் முதலில் மாணவர்கள் கூடும் இடமாகவே நினைக்கப்பட்டது என்பதைப் பலமுறை படித்திருக்கிறேன். ஆனால் வெற்றுத்தாளாக அந்த ஆண்டுகளைப் பார்த்தபோதுதான் அது மனத்தில் பதிந்தது.

அதன் பின் வரிசை விரைவாக நிறைகிறது. 1911இல் இங்கிலாந்து சென்று ஃபுல்ஹாம், டல்விச் ஹாம்லெட் அணிகளுக்கு ஆடிய ஹுசைன் ஹிகாஸி, தாயகம் திரும்பி அல் அஹ்லிக்கும், பின்னர் போட்டிக் கழகத்துக்கும் ஆடினார். அவருடைய பாதையை மட்டும் விட்டுவிட்டு வரும் புள்ளிக்கோடாக வரைந்தேன். அந்தப் போட்டிக் கழகம், 1911இல் பெல்ஜிய வழக்கறிஞர் ஜார்ஜ் மெர்ஸ்பாக் தொடங்கிய, இன்று ஜமாலெக் என்று அறியப்படும் கழகம். பிரிட்டிஷ் படை அணிகளும் மோதிய சுல்தான் ஹுசைன் கோப்பையை அல் அஹ்லி 1923இல் வென்றது. 1925இல் உறுப்பினர் தகுதி எகிப்தியருக்கு மட்டும் என்று கழகம் முடிவெடுத்தது. ஆங்கிலேயத் தலைவருடன் தொடங்கிய நடு வரிசையை அந்த முடிவில் நிறுத்துவதே பொருத்தம் என்று தோன்றியது.

அடுத்து, 1948-49இல் தொடங்கிய தேசிய லீக்குக்கான தாளை ஒட்ட வேண்டும். முதல் பட்டத்திலிருந்து 1958-59 வரை முடிவுற்ற ஒன்பது லீக்குகளையும் அல் அஹ்லியே வென்றது. இடையில் இரண்டு பருவங்களுக்குப் பட்டம் வழங்கப்படவில்லை. அந்த இரண்டு கட்டங்களையும் சாய்கோடுகளால் நிரப்பி, பட்டங்களைக் குறிக்கும் சிவப்புக் கோட்டை அவற்றின் மேலாக அறுபடாமல் இழுக்கத் திட்டமிட்டிருக்கிறேன்.