ஜார்ஜ் ஹட்சன்: ரயில்வே அரசர்

யார்க் நகரத் துணிக்கடையொன்றில் தொழில் பழகி, பின்னர் அதன் பங்குதாரராகவும் உயர்ந்த ஜார்ஜ் ஹட்சன் (1800–1871), 1827இல் உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற ஏறத்தாழ 30,000 பவுண்டைக் கொண்டு பொதுவாழ்வில் நுழைந்து, பின்னாளில் இங்கிலாந்தின் இருப்புப்பாதைகளில் பெரும்பங்கைத் தம் ஆளுகைக்குள் கொண்டுவந்தார். மிட்லண்ட் கவுண்டீஸ், பர்மிங்காம்–டெர்பி ஆகிய இரு கம்பெனிகளும் லண்டன் பயணிகளுக்காகப் போட்டியிட்டுக் கட்டணத்தைக் குறைத்து நலிந்துகொண்டிருந்தபோது, 1844இல் அவற்றை நார்த் மிட்லண்ட் என்ற மற்றொரு ரயில்வே கம்பெனியோடு இணைத்து மிட்லண்ட் ரயில்வேயை உருவாக்கியதே அவருடைய தலையாய சாதனை என்று கருதுகிறேன். சிதறிக் கிடந்த பாதைகள் ஒரே நிர்வாகத்தின்கீழ் வந்தால்தான் பயன் தரும் என்பதை அவர் தெளிவாக உணர்ந்திருந்தார்.

ஆனால் கணக்குகளில் அவர் நேர்மை காக்கவில்லை. முதலீட்டுப் பணத்திலிருந்தே லாபப்பங்கு வழங்கியதும், தம்மிடமிருந்த பங்குகளைத் தாம் தலைமை வகித்த கம்பெனிக்கே சந்தை விலைக்கு மேல் விற்றதும் 1849இல் பங்குதாரர்களின் விசாரணைகளில் அம்பலமாயின. லாபப்பங்கை நம்பிச் சேமிப்பை ஒப்படைத்த எளிய குடும்பங்களை நினைக்கையில், இதை வெறும் நிர்வாகக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சண்டர்லண்ட் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் என்ற தகுதி கடன்காரர்களின் கைது நடவடிக்கையிலிருந்து அவரைக் காத்துவந்தது. 1859இல் தேர்தலில் தோற்றதும் அவர் பிரான்சுக்குச் சென்றார். 1865இல் விட்பி தொகுதியில் போட்டியிடத் திரும்பியபோது, கடனுக்காகக் கைதாகி, தாம் மேயராக இருந்த அதே யார்க் நகரின் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார்.