ஏற்காட்டு பின்கோடை உடைத்துப் பார்த்தால்

ஏற்காட்டின் பின்கோடு 636601. பார்த்தால் பகா எண் மாதிரி இருக்கும், ஆனால் இல்லை.

ஆறு இலக்க எண்ணை மூன்று மூன்றாகப் பிரித்துக் கழிக்கலாம்: 601 − 636 = −35. 1001 = 7 × 11 × 13 என்பதால் இந்த ஒரு கழித்தலிலேயே மூன்று எண்களுக்கும் பதில் வந்துவிடும். 35 ஏழால் வகுபடும். 11, 13 ஆல் வகுபடாது. ஆக, 636601 = 7 × 90943.

இனிதான் வேலை. 90943ஐ மறுபடி 7ஆல் வகுத்தால் மீதி 6. 17இலிருந்து ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் போனால் நாற்பதாவதில்தான் மாட்டும். அதைவிட ஃபெர்மா முறை மேல்: a² − 90943 முழு வர்க்கமாக (b²) வரும் a வேண்டும்; கிடைத்தால் 90943 = (a − b) × (a + b). வர்க்கமூலம் 301.57, அதனால் 302இலிருந்து தேடலாம். 90943ஐ 8ஆல் வகுத்தால் மீதி 7. முழு வர்க்கத்தை 8ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4 மட்டுமே வரும்; எனவே a நான்கின் மடங்காகத்தான் இருக்க முடியும். 304, 308 ஆகாது.

312இல் கவனம். 97344 − 90943 = 6401. கால்குலேட்டர் வர்க்கமூலம் 80.006 என்று காட்டும்; தசமத்தை வெட்டிவிட்டு 80 என்று எடுத்தால் போச்சு, 80² = 6400. எடுத்த விடையைத் திரும்ப வர்க்கப்படுத்திப் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

ஏழாவது முயற்சி 328: 107584 − 90943 = 16641 = 129². காரணிகள் 328 − 129 = 199, 328 + 129 = 457. இரண்டுமே பகா எண்கள்.

636601 = 7 × 199 × 457. வகுத்திகள் எட்டு; அவற்றின் கூட்டுத்தொகை (7 + 1) × (199 + 1) × (457 + 1) = 8 × 200 × 458 = 732800.