கையெழுத்துப் போடாவிட்டால்?

"கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும், சார்?" என்று, நான் நீட்டிய ராஜினாமா கடிதத்தைப் பார்த்து எங்கள் நிறுவன ஊழியர் ஒருவர் கேட்டார். "உங்களுக்குத்தான் சிரமம்" என்றேன். மனிதவளத் துறையில் எத்தனையோ பேரிடம் எவ்வளவோ பேசியிருக்கிறேன். இந்தப் பதில் மட்டும் இன்னும் உறுத்துகிறது.

நான் சொன்னது பொய்யில்லை. ஆனால், அவர் கேட்டதற்கு அது பதிலும் இல்லை. கையெழுத்துப் போடாவிட்டால் நிறுவனமே அவரை நீக்க வேண்டியிருந்திருக்கும். அதற்கான காரணத்தை எழுத்தில் கொடுத்து, அவருடைய விளக்கத்தையும் கேட்க வேண்டியிருந்திருக்கும். தகுந்த காரணமின்றி ஒருவரை நீக்கக் கூடாது, நடத்தையையோ வேலைத்திறனையோ காரணம் காட்டினால் பதில் சொல்ல முன்னதாகவே வாய்ப்புத் தர வேண்டும், நீக்கப்பட்டவர் பாரபட்சமற்ற அமைப்பிடம் முறையிடலாம் என்றெல்லாம் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1982இல் ஏற்ற 158ஆம் உடன்படிக்கை சொல்கிறது. பல நாடுகள் அதில் இணையவில்லை என்றாலும் அதன் சாரம் பல நாட்டுச் சட்டங்களில் இருக்கிறது. இதைப் புதிய மேலாளர்களுக்கு வகுப்பெடுத்தவனே நான்தான்.

அவர் மிகைநேர ஊதியம் கேட்டுத் தொழிலாளர் துறையில் புகார் கொடுத்திருந்தார். முதலாளி மீது புகார் கொடுத்ததை நீக்கத்துக்குக் காரணமாக்கக் கூடாது என்பதும் அதே உடன்படிக்கையில் உண்டு. ஆகவே 'வேலைத்திறன் போதவில்லை' என்ற காரணம் கண்டுபிடிக்கப்பட்டது. அவருடைய வேலை திருப்தி என்று முந்தைய ஆண்டு மதிப்பீட்டில் கையொப்பமிட்டவன் நான்.

வழக்கென்று போனால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும், அதுவரை சம்பளம் இருக்காது, பணிவிடுப்புக் கடிதம் இல்லாமல் அடுத்த இடத்தில் சேர்வதும் கடினம் என்று அப்போது நினைத்தேன்; இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். என் வேலையைப் பற்றியும் நினைத்தேன் என்பதை மறைப்பதற்கில்லை.

ஆனால் என்னை அதிகம் அலைக்கழிப்பது அதன் பிறகு நடந்ததுதான். 'சொந்தக் காரணங்களுக்காக' என்று நான் தட்டச்சு செய்து வைத்திருந்த ராஜினாமா கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "நிர்வாகம் கேட்டுக்கொண்டதற்கிணங்க என்று மேலே எழுதிக்கொள்ளட்டுமா?" என்றார். அந்த இரண்டு சொற்கள் இருந்திருந்தால், அது கட்டாயப்படுத்தி வாங்கிய ராஜினாமா என்று பின்னாளில் வாதிட அவருக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். இல்லாவிட்டால், தானாக விலகியவர் நீக்கத்தை எதிர்த்து எப்படி முறையிடுவார்? எனக்கு அது தெரியும். அவருக்குத் தெரிந்துதான் கேட்டாரா, வெறும் நேர்மையினால் கேட்டாரா என்பதுதான் விளங்கவில்லை. "அப்படி எழுதினால் மேலே ஏற்க மாட்டார்கள்" என்றேன். மேலே யாரிடமும் நான் கேட்டிருக்கவில்லை.

சில மாதங்களில் அவருக்கு வேறு வேலை கிடைத்தது. தொலைபேசியில் அழைத்து, "அன்றைக்கு நீங்கள் சொன்னபடி கேட்டது நல்லதாகப் போயிற்று, சார்" என்றார். வாழ்த்துச் சொன்னேன், அந்த இரண்டு சொற்களைப் பற்றி அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.