இருபத்தாறு வாரம்

2025 மே 23, வெள்ளி

தம்பியின் சளி ரிசல்ட் வந்துவிட்டது. காசநோய்தான். சரி, ஆறு மாதம் மாத்திரை போட்டால் போய்விடும் என்று நான் மனதைத் தேற்றிக்கொள்வதற்குள் டாக்டர் அடுத்த வரியைக் காட்டினார். ரிஃபாம்பிசினுக்கு அடங்காத கிருமி. டி.பி. மருந்துகளில் வீட்டுக்கு மூத்த பிள்ளை மாதிரி ரிஃபாம்பிசின். அதற்கே அடங்காது என்றால் வழக்கமான மாத்திரைகளை நம்பிப் பயனில்லை.

மூன்று மாதமாக இருமிக்கொண்டிருந்தான். தெருமுனை கிளினிக்கில் மூன்று தடவை சிரப்பும் ஆன்டிபயாடிக்கும் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு தடவைகூடச் சளியைச் சோதிக்கச் சொல்லவில்லை. அரசு மருத்துவமனையில் டப்பாவில் சளி வாங்கி மெஷினில் வைத்தால் இரண்டு மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என இரண்டையும் சொல்லிவிடுகிறது. 2012இல் மாமாவுக்கு இது தெரிய மாதக்கணக்கானது. "கிருமியை வளர்த்துப் பார்க்கணும்" என்றார்கள். கிருமி வளர்ந்தது, மாமா தேய்ந்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஊசியா?"

இல்லை என்றேன். அம்மா நம்பவில்லை.

2025 மே 26, திங்கள்

முதல் நாள். ஈசிஜி, ரத்தம், கண் எல்லாம் பார்த்த பிறகுதான் மாத்திரையைக் கையில் கொடுத்தார்கள். பெடாகுயிலின் நான்கு, பிரிடோமேனிட் ஒன்று, லினசோலிட் ஒன்று, மாக்சிஃப்ளாக்சசின் ஒன்று, நரம்புக்காக ஒரு பி6. எட்டு. இரண்டு வாரத்துக்குப் பிறகு பெடாகுயிலின் வாரம் மூன்று நாள், இரண்டிரண்டு மாத்திரை மட்டும். மொத்தம் 26 வாரம். பள்ளிக்கூட ஆபீசில் கணக்கு எழுதுகிறவள் நான், வாங்கியதும் எண்ணிவிட்டேன்.

மாமாவுக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. 2024 செப்டம்பரில்தான் மத்திய சுகாதார அமைச்சகம் இந்த நான்கு மருந்துக் கூட்டுக்கு ஒப்புதல் தந்திருக்கிறது. தம்பிக்கு நோய் இரண்டு வருடம் முன்னால் வந்திருந்தால்... இந்த மாதிரிக் கணக்கெல்லாம் போடக் கூடாது.

சிஸ்டர் பொறுமையாகச் சொன்னார். வெறும் வயிற்றில் போடக் கூடாது, சாப்பாட்டோடு போட்டால்தான் பெடாகுயிலின் உடம்பில் நன்றாக ஏறும். நெஞ்செரிச்சல் மருந்தை இதோடு சேர்த்துப் போடக் கூடாது. கண் மங்கினாலோ, கால் மரத்தாலோ, படபடப்பு வந்தாலோ அன்றைக்கே வந்து சொல்ல வேண்டும். கடைசியாக, "கருவாடு வேணாம்பா." லினசோலிடுக்கும் கருவாட்டுக்கும் ஆகாதாம், ரத்த அழுத்தம் ஏறிவிடும். இத்தனை சொன்னதில் தம்பியின் முகம் வாடியது இதற்கு மட்டும்தான்.

2025 மே 29, வியாழன்

அம்மா தம்பிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்து வைத்துவிட்டாள். தட்டில் ஒட்டுகிற நோய் இல்லை, காற்றில் பரவுவது, ஜன்னலைத் திறந்து வை, அவன் மாஸ்க் போடட்டும், போதும் என்றேன். "நீ ரொம்பப் படிச்சவ" என்றாள்.

படித்ததைச் சொல்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து அடுத்த ஸ்டேஷன் தாம்பரம் சானடோரியம். 1928இல் டாக்டர் சௌரி முத்து அங்கே காசநோயாளிகளுக்காக ஆஸ்பத்திரி தொடங்கியதால் வந்த பெயர். அந்தக் காலத்தில் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு, மாதக்கணக்கில் படுக்கை, இதுதான் வைத்தியம். ஊரில் இருக்கும் நோயாளிகள் எல்லாருக்கும் கட்டில் போட எந்த அரசாங்கத்தால் முடியும்? 1956இல் சேத்துப்பட்டில் ஒரு மையம் ஆரம்பித்தார்கள். வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் தலைமை. சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்து, பாதிப் பேரை சானடோரியத்துக்கும் பாதிப் பேரை அவரவர் வீட்டுக்கும் அனுப்பி, இரண்டு பக்கமும் அதே மாத்திரைகளை ஒரு வருடம் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு அரைவயிற்றுச் சாப்பாடு, நெரிசலான ஒற்றை அறை. 1959இல் முடிவு வந்தது. சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம் தேறியிருந்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் வரவில்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. தம்பி இன்று கூடத்துக் கட்டிலில் படுத்து கிரிக்கெட் பார்ப்பது சேத்துப்பட்டு போட்ட வழி.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். தட்டு தனியாகவேதான் இருக்கிறது.

நானும் யோக்கியம் இல்லை. பள்ளியில் கேட்டவர்களிடம் "டைபாய்டு" என்று சொல்லிவிட்டேன்.

2025 ஜூன் 9, திங்கள்

இரண்டு வாரம் முடிந்தது. மாக்சிஃப்ளாக்சசினுக்குக் கிருமி அடங்கும் என்று ரிசல்ட் வந்தது, நல்ல வேளை. மறுபடி ஈசிஜி. பெடாகுயிலின் இதயத் துடிப்புக்கு நடுவே ஓர் இடைவெளியை நீட்டிவிடும் என்பதால் அதை அளக்கிறார்கள். 420 மில்லிவினாடி இருந்தது 438 ஆகியிருக்கிறது. 500ஐத் தாண்டினால்தான் நிறுத்துவார்களாம். எங்கள் எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள், யாருக்கும் ஒன்றுமில்லை.

பெடாகுயிலின் வேலை செய்யும் விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. கிருமி தனக்கு வேண்டிய சக்தியை உண்டாக்கும் நொதியைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. அடுப்பை அணைத்துப் பட்டினி போடுகிற மாதிரி. மற்ற மருந்துகள் தாக்காத இடம் என்பதால் அவற்றுக்குப் பழகிப்போன கிருமியும் இதில் மாட்டிக்கொள்கிறது. 2012 டிசம்பர் கடைசியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அப்போது மாமா திண்டிவனத்தில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். நம் ஊரில் 2016இல்தான், அதுவும் விரல்விட்டு எண்ணக்கூடிய மருத்துவமனைகளில் மட்டும் வந்தது.

2025 ஜூலை 6, ஞாயிறு

மாமா வந்திருந்தார், நோட்டோடு.

கனமான கோடு போட்ட நோட்டு, அட்டையில் சாக்பீஸ் தூள். தையல் கடைக்கு வருகிறவர்கள் சொல்ல வேண்டியதை அதில் எழுத வேண்டும். "கை கொஞ்சம் லூசா", "தீபாவளிக்கு முன்னாடி வேணும்", நடுவில் ஒரு குழந்தை கிறுக்கிய யானை. பதின்மூன்று வருடத்தில் இது எத்தனையாவது நோட்டு என்று அவருக்கே தெரியாது. மெஷின் ஓடும்போது இடது உள்ளங்கையைப் பலகை மேல் வைத்துக்கொள்வார். நூல் அறுந்தால் கைக்குத் தெரிந்துவிடும்.

கேனமைசின் ஊசி. வாரம் ஆறு நாள், ஏழு மாதம். ஐந்தாவது மாதம் காதுக்குள் குக்கர் விசில் மாதிரிக் கேட்டதாம். பக்கத்து வீட்டுக் குக்கர் என்று இருந்துவிட்டார். புரிந்த பிறகும் சொல்லவில்லை. சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தினால் செத்துவிடுவோம் என்று பயம். உள்காதின் நுண்ணிய மயிரிழைச் செல்கள் ஒரு தடவை அழிந்தால் திரும்ப வளர்வதில்லை. உயிர் தப்பியது, செவி போனது. 2018இல்தான் உலக சுகாதார நிறுவனம் இந்த ஊசி வேண்டாம் என்றது.

இவர் மட்டுமல்ல. மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலே, இருவருமே காசநோய் மருந்தால் கேட்கும் திறனை இழந்தவர்கள். பெடாகுயிலின் காப்புரிமையை இன்னும் சில வருடம் இழுக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் போட்ட விண்ணப்பத்தை எதிர்த்து 2019இல் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் மனு போட்டார்கள். 2023 மார்ச்சில் அந்த விண்ணப்பம் தள்ளுபடி ஆனது. அந்த ஜூலையில் முதன்மைக் காப்புரிமையும் முடிய, மற்ற கம்பெனிகளும் தயாரிக்க வழி பிறந்தது. காது போன இரண்டு பெண்கள் போட்ட மனு என்று நோட்டில் எழுதிக் காட்டினேன். மாமா ரொம்ப நேரம் பார்த்தார். கீழே "சபாஷ்" என்று எழுதி இரண்டு கோடு போட்டார்.

2025 ஜூலை 25, வெள்ளி

எடை 48.6 கிலோ. ஆரம்பத்தில் 46.

எடையை இப்படி விரட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. ஜார்க்கண்டில் அனுராக் பார்கவா குழுவினர், சென்னை காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து, 2,800 நோயாளிகளுக்கு மருந்தோடு மாதாமாதம் உணவுப் பொருளும் கொடுத்துப் பார்த்தார்கள். 2023இல் முடிவு வெளிவந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களிடையே சாவு 61 சதவீதம் குறைவு. 46இல் 5 சதவீதம் 2.3 கிலோ. தம்பி தாண்டிவிட்டான், முந்நூறு கிராம் லாபம். அங்கே பெரும்பாலும் சாதாரண டி.பி. நோயாளிகள், இவன் கதை கொஞ்சம் வேறு. இருந்தாலும் கணக்குப் பார்த்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதே ஆய்வில் இன்னொரு பாதி. வீட்டில் கூட இருப்பவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு கொடுத்தார்கள். அவர்களுக்குப் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும்! தடுப்பூசி செய்ய வேண்டிய வேலை. அரசு இப்போது நோயாளிக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறது, போன நவம்பர் வரை ஐந்நூறுதான். முட்டை, கடலை, பருப்பு என்று நான் அதற்குத் தனிக் கணக்கு எழுதுகிறேன். பதினெட்டாம் தேதிக்கெல்லாம் தீர்ந்துவிடுகிறது.

2025 ஆகஸ்ட் 30, சனி

கோபத்தில் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் ஆரம்பத்திலிருந்து தம்பி பக்கத்துச் சவாரிகளுக்கு மட்டும் வண்டி எடுக்கிறான். சளியில் கிருமி இல்லை, டாக்டரும் சரி என்றார். இன்று சாப்பிடும்போது பேச்சுவாக்கில், "க்ளட்ச் மிதிச்சேனா இல்லையானே தெரியலக்கா" என்கிறான். எத்தனை நாளாக? பத்து நாள். முதலில் பாதத்தில் எறும்பு ஊறிய மாதிரி, அப்புறம் விரல்கள் மரப்பு. அன்றைக்கே வந்து சொல்லச் சொன்னார்களே! "சொன்னா மருந்தை நிறுத்திடுவாங்கன்னு..."

மாமா சொன்ன அதே வார்த்தை. வண்டிச் சாவியை வாங்கி அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டேன்.

2025 செப்டம்பர் 3, புதன்

டாக்டர் இசைக்கவையைத் தட்டிக் கால் கட்டைவிரல் எலும்பில் வைத்தார். "அதிருதா? நின்னதும் சொல்லு." இவன் நின்றுவிட்டது என்றான். டாக்டர் அதை எடுத்துத் தன் விரல் முட்டியில் வைத்துப் பார்த்தார். இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது போலிருக்கிறது, ஒன்றும் பேசாமல் எழுதினார். கண் சோதனை, நிறப் புள்ளிகளில் எண் படிப்பது, ரத்தம் எல்லாம் சரி.

காரணம் லினசோலிட். இந்த மருந்துக் கூட்டின் பலமும் அதுதான், வில்லங்கமும் அதுதான். தென்னாப்பிரிக்காவில் 109 பேரிடம் பெடாகுயிலின், பிரிடோமேனிட், லினசோலிட் மூன்றையும் சேர்த்துக் கொடுத்த முதல் ஆய்வில் 90 சதவீதம் தேறினார்கள். வேறு எதற்கும் வழியில்லை என்று கைவிடப்பட்டவர்கள் அவர்கள். ஆனால் தினம் 1,200 மில்லிகிராம் லினசோலிடில் 81 சதவீதம் பேருக்கு நரம்பு பாதித்தது. அதனால்தான் 600 ஆனது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு உஸ்பெகிஸ்தான், பெலாரஸ், தென்னாப்பிரிக்காவில் நடத்திய ஆய்வில் மாக்சிஃப்ளாக்சசினும் சேர்ந்தது. 16 வாரத்துக்குப் பிறகு லினசோலிடை 300 ஆக்கினார்கள். சரியாக முடியாமல் போனவர்கள் புதிய முறையில் 11 சதவீதம், பழையதில் 48. வித்தியாசம் அவ்வளவு பளிச்சென்று இருந்ததால் புதிதாக ஆள் சேர்ப்பதை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

தம்பிக்கும் இன்றிலிருந்து 300. பதினான்கு வாரம் முழு அளவு போனதால் குறைக்கலாம் என்றார். மருந்து நிற்கவில்லை. வெளியே வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டான். நான் டீ வாங்கப் போனேன்.

2025 அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எடை 53. அம்மா தனித் தட்டைப் பரணில் ஏற்றிவிட்டாள். யாரும் எதுவும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

என் மகள் "இதுக்குத்தான் ஊசி போடுவாங்களே, கையில தழும்பு இருக்கே?" என்று கேட்டாள். பி.சி.ஜி. குழந்தைகளைக் கடுமையான டி.பி.யிலிருந்து காப்பாற்றும், பெரியவர்களை நம்பிவிட முடியாது. இதையும் நம் பக்கத்தில்தான் கண்டுபிடித்தார்கள். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பெரிய ஆய்வு. எம்72 என்ற புதுத் தடுப்பூசியின் கடைசிக் கட்டச் சோதனை 2024இல் தென்னாப்பிரிக்காவில் ஆரம்பித்திருக்கிறது. அவள் அதற்குள் மத்தாப்பு கொளுத்தப் போய்விட்டாள்.

2025 நவம்பர் 23, ஞாயிறு

காலை இட்லிக்குப் பிறகு கடைசி மாத்திரைகள். படம் எடுக்கலாம் என்றேன், "எதுக்குக்கா" என்று விழுங்கிவிட்டான். கடைசிச் சளியை நாளை கொடுக்க வேண்டும். அதை வளர்த்துப் பார்த்துச் சொல்ல ஆறு வாரம் வரை ஆகலாம். அப்புறம் இரண்டு வருடத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை. வலது காலில் மூன்று விரல் சரியாகிவிட்டது. கட்டைவிரலும் பக்கத்து விரலும் இன்னும் மரப்புதான். திரும்பலாம், நாளாகும் என்கிறார் டாக்டர். சாவி இன்னும் அரிசி டின்னில்.

மழையோடு மாமா வந்தார். நோட்டைப் பிரித்து "காது?" என்று எழுதினார். தம்பி வாங்கி, "நல்லா கேக்குது மாமா. கால்ல ரெண்டு விரல் மட்டும் மரத்திருக்கு" என்று எழுதிக் கொடுத்தான்.

மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். அப்புறம் அவன் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். சட்டைக் காலரில் எப்போதும் குத்தியிருக்கும் குண்டூசியை எடுத்து, சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு விரலாக லேசாகத் தொட்டுக்கொண்டே வந்தார். கட்டைவிரலில் கொஞ்சம் அழுத்தியிருப்பார் போல. "ஐயோ மாமா!" என்று கத்தினான் தம்பி. அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். மாமாவுக்குக் கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, ஊசியைக் காலரில் குத்திவிட்டு, அடுத்த காலை எடு என்று கை காட்டினார்.