ஃப்ரீசருக்குள் ஆப்பிள்: கடிக்க அல்ல, சமைக்க

ஃப்ரீசரில் வைத்த ஆப்பிள் கெட்டுப்போகாதா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: கெடாது, ஆனால் கடித்துத் தின்ன முடியாது. ஆப்பிளில் நூற்றுக்கு 85 பங்கு தண்ணீர்தான். அது உறையும்போது பனிப்படிகங்கள் உள்ளே இருக்கும் செல் சுவர்களைக் கிழித்துவிடும். வெளியே எடுத்து வைத்தால் சாறு கசிந்து, துண்டு தொளதொளவென்று கிடக்கும். அந்த மொறுமொறுப்பு போனது போனதுதான். அதனால் என்ன? கேக், ஜாம், கஞ்சி, ஸ்மூத்தி என்றால் எப்படியும் அது குழையத்தானே போகிறது!

முழுப் பழமாக உள்ளே தள்ளுகிறவர்களை மட்டும் எனக்குப் புரிவதே இல்லை. கல்லாக உறைந்ததை அப்புறம் எந்தக் கத்தியால் வெட்டுவது? எதற்காக வைக்கிறோம் என்று தெரிந்தால் எப்படி வெட்டுவது என்றும் தெரிந்துவிடும். கேக்குக்கு விரல் தடிமனில் நீளத் துண்டு, கஞ்சிக்குச் சின்னச் சதுரம். தோலைச் சீவிவிடுவேன்; வெந்தபின் அது தனியாகக் கழன்று வாயில் நெருடும். பச்சை கிரானி ஸ்மித் போலப் புளிப்பும் கெட்டியுமான ரகம் என்றால், வேகும்போதும் ஓரளவு உருக்குலையாமல் நிற்கும்.

வெட்டியதும் பழுப்பேறுவது காற்றும் பழத்தில் உள்ள நொதியும் சேர்ந்து செய்கிற வேலை. ஃப்ரீசர் அதை மெதுவாக்குமே தவிர முழுதாக நிறுத்தாது. ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு, துண்டுகளை ஐந்து நிமிடம் போட்டு வைத்தால் போதும். ஆப்பிளுக்குள் நிறையக் காற்று இருப்பதால் அத்தனையும் மேலே வந்து மிதக்கும். மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து அமுக்கி வைக்கிறேன்.

இதற்குப் பிறகு வருவதுதான் முக்கியம், பலரும் அவசரப்படுவதும் இங்கேதான். வடித்த துண்டுகளைத் துணியில் பரப்பி, ஈரம் போக ஒற்றி எடுக்க வேண்டும். தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, ஒன்றையொன்று தொடாமல் ஒரே அடுக்காக அடுக்கி உறைய விட வேண்டும். சில மணி நேரம் கழித்துத் தட்டை ஆட்டினால் கூழாங்கற்கள் உருளுவது போலச் சத்தம் வரும். அப்போது பையில் போடலாம். இந்தப் பொறுமை இல்லாமல் நேராகப் பையில் கொட்டினால் எல்லாம் ஒட்டி ஒரே பாறையாகிவிடும். ஒரு கைப்பிடித் துண்டு வேண்டுமென்றாலும் சுத்தியல் தேட வேண்டியதுதான்.

பையில் காற்று இருந்தால் துண்டுகள் ஓரம் வெளுத்துக் காய்ந்துபோகும். கையால் தட்டையாக அழுத்திக் காற்றை வெளியேற்றி மூடுவேன். தேதி எழுதி ஒட்டுங்கள். மைனஸ் 18 டிகிரியில் எட்டு மாதம் முதல் ஒரு வருடம் வரை சுவை நன்றாகவே இருக்கும். உறைய வைத்தால் கிருமி சாகாது, தூங்கும், அவ்வளவுதான். அதனால் அழுகிய பழத்தை ஃப்ரீசர் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம்.

சமைக்கும்போது உருகும்வரை காத்திருக்காமல் அப்படியே அடுப்பில் போட்டுவிடுவேன். ஜாமுக்கு அதுவே வசதி: செல் சுவர் ஏற்கெனவே கிழிந்திருப்பதால் சீக்கிரம் மசிந்துவிடும். கேக் மாவில் சேர்க்கும்போது மட்டும் துண்டுகளை முதலில் ஒரு கரண்டி உலர்ந்த மாவில் புரட்டிக்கொள்ளுங்கள். கசியும் சாற்றை அது கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். அடுப்பிலும் சில நிமிடம் கூடுதலாக விட வேண்டியிருக்கும்.

ஏற்கெனவே மாவு மாதிரி ஆகிவிட்ட பழமா? அதற்கு இத்தனை மெனக்கெடல் வேண்டாம். வேகவைத்து மசித்து, ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறைய வைத்துவிடலாம்.