மூன்று சில்லும் கால் நட்டும்

எங்கள் சுசுகி வாகன்ஆர் காரின் முன் இடது சில்லு மூடி, நல்லூர்த் திருவிழாக் காலத்தில் செம்மணி வீதியில் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. இரண்டு தடவை தேடிப் போனேன். இரண்டாம் தடவை ஒரு மூடி அகப்பட்டது. அது வேறு யாரோ தொலைத்தது. அளவு சரியாக இருந்ததால் அதையே கொண்டுவந்து பிளாஸ்டிக் பட்டியால் இறுக்கிக் கட்டினேன். அன்றிலிருந்து மூன்று சில்லுகள் கூடப்பிறந்தவை போலவும் ஒன்று மட்டும் ஒன்றுவிட்ட சகோதரம் போலவும் ஓடிக்கொண்டிருந்தன.

அந்தக் கோலம் எனக்குப் பழகிவிட்டது. பொறுக்க முடியாமல் போனது கொக்குவிலில் இருக்கும் மச்சானுக்குத்தான். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. வாகனச் சாமான் வாங்கி விற்பவன். ஒரு சனிக்கிழமை காலை வானில் நாலு அலோய் ரிம்மை ஏற்றிக்கொண்டு வந்து படலையைத் தட்டினான்.

"ஜப்பானில் கழற்றி வந்தவை அத்தான். 15 இஞ்சி. டயரும் அரைவாசிக்கு மேல் இருக்கிறது. வெளியில் என்றால் ஓர் இலட்சத்து அறுபதாயிரம். உங்களுக்கு நாற்பது."

"நாற்பதாயிரமா?"

"ஓர் இலட்சத்து நாற்பது."

கார் என்னுடையது என்று ஊர் நினைக்கிறது. கழுவும்போது நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளருக்கான இடத்தில் இருப்பது லீசிங் கொம்பனியின் பெயர். அந்தப் புத்தகமும் அவர்களிடம்தான். எனக்கு வாய்த்தது நிழற்பிரதி. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, பழைய கார்கள் காணியைப் போல வருடத்துக்கு வருடம் விலை ஏறிய காலத்தில் வாங்கியது. இன்னும் ஏறும் என்று எல்லோரும் பயமுறுத்த, 60 மாதத் தவணைக்குக் கையெழுத்து வைத்தேன். மச்சான் வந்த அன்று 46 கட்டியிருந்தேன். 14 மிச்சம்.

"அறுபதில் நாற்பத்தாறு என்றால், நாலு சில்லில் மூன்று முழுதாக எனது. நாலாவதில் கால் நட்டும் எனது" என்று கணக்குச் சொன்னேன்.

மனைவி சாதாரணதர வகுப்புக்குக் கணிதம் படிப்பிப்பவர். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இஞ்சாருங்கோ, ஆரம்ப வருடங்களில் கட்டும் தவணையில் வட்டிதான் கூட, கடனின் முதல் குறைவு. இறுதியில்தான் அது தலைகீழாக மாறும். முதலை மட்டும் எடுத்தால் உங்களுக்கு மூன்று சில்லே தேறாது."

மச்சான் தளரவில்லை. "ஒரு கிழமை போட்டு ஓடிப் பாருங்கள். பிடிக்காவிட்டால் கழற்றித் தாருங்கள். காசைப் பிறகு பேசலாம்." நல்ல வியாபாரி முதலில் பொருளைத்தான் கொடுப்பான், விலையை அல்ல. அரை மணித்தியாலத்தில் ஜக்கை வைத்துத் தூக்கி நாலையும் மாற்றிவிட்டான். பழைய இரும்புச் சில்லுகளைப் பின் சார்ப்புக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக, உட்பக்கம் மேலே தெரிய அடுக்கினோம். உச்சியில் இருந்த சில்லு ஆழமான சட்டி போல இருந்தது. அப்போது அதை நான் பெரிதாகக் கவனிக்கவில்லை.

கார் அழகாகிவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எட்டு வயதான கார், பஞ்சாமிர்தம் தின்ற பிள்ளை மாதிரி நின்றது. பாடசாலையில் அதிபர்கூட, "புதிதாக வாங்கிவிட்டீர்களா?" என்று கேட்டார். இல்லை என்று உடனே சொல்லவில்லை. சற்று நேரம் கழித்துத்தான் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை ஆனையிறவுப் பக்கம் போகவேண்டி வந்தது. 60 கிலோமீற்றர் வேகம் வந்ததும் ஸ்டியரிங் உரு வந்தவரின் கை போல நடுங்கத் தொடங்கியது. வேகத்தைக் குறைத்தால் நின்றது. கூட்டினால் மறுபடி வந்தது. திரும்பி வந்ததும் நேரே கராஜுக்குப் போனேன். கராஜ்காரத் தம்பி ஒரு சில்லைக் கழற்றி நடு ஓட்டையைக் காட்டினார்.

"உங்கள் காரின் நடு அச்சு 54 மில்லிமீற்றர் அண்ணை. இந்த ரிம்மின் ஓட்டை 73. எல்லாக் காருக்கும் போகட்டும் என்று பெரிதாக வெட்டி விடுகிறார்கள். நட்டு நாலும் பொருந்தும், 100 மில்லிமீற்றர் வட்டத்தில் நாலு நட்டு என்ற கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் நடுவில் தாங்க ஒன்றும் இல்லை. ஒரு வளையம் போட்டால் சரி." பிறகு நட்டை எடுத்துப் பார்த்து, "நல்லவேளை, சுசுகி மரைதான் போட்டிருக்கிறார்கள். டொயோட்டா நட்டை இதில் வலுவில் ஏற்றி மரையைத் தின்ன வைத்தவர்களும் இருக்கிறார்கள்" என்றார்.

நாலு பிளாஸ்டிக் வளையங்கள் போட்டதும் நடுக்கம் போயே போய்விட்டது. உண்மையைச் சொன்னால், அன்றைக்குத்தான் எனக்கு அந்தச் சில்லுகளில் ஆசை வந்தது. குற்றம் இருந்தவரை வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் இருந்தது.

அந்த ஆசை மறுநாள் மாலை எங்கள் ஒழுங்கை முகப்பு வரைக்கும்தான் நீடித்தது. பழைய டயரின் பக்கச் சுவர் பத்து சென்ரிமீற்றர் உயரம். புதியது ஒன்பது. ஒரு சென்ரிமீற்றர் என்ன பெரிய விடயம் என்று நினைத்தால், எங்கள் ஒழுங்கைக்கு வந்து பாருங்கள். மழை மண்ணைக் கழுவிக்கொண்டு போக, சுண்ணக்கற்கள் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். இரும்பு ரிம்மோடு அவற்றின்மேல் ஏறி இறங்கிப் பழகிய கால், அன்றும் அப்படியே ஏற்றியது. 'கிரீச்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தேன். முன் இடது ரிம்மின் ஓரத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கீறல். அந்த முன் இடது மூலைக்கு ஏதோ தோஷம் இருக்கிறது.

அன்றிரவுதான் ஒப்பந்தத்தை எடுத்து வாசித்தேன். நாலு வருடத்துக்கு முன் கையெழுத்து வைத்தபோது வாசிக்கவில்லை. வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்த ஒருவரையும் நான் அறியேன். கொம்பனியின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் வாகனத்தில் மாற்றம் செய்யக்கூடாது என்று ஒரு வாசகம் இருந்தது. வாகனத்தை வேறு ஒருவருக்கு உள்குத்தகைக்கு விடக்கூடாது என்று அதற்குக் கீழே இன்னொன்று. பின்னதைப் பார்த்து, நல்ல காலம் இதிலாவது குற்றம் செய்யவில்லை என்று ஆறுதல் அடைந்தேன்.

காலையில் கொம்பனிக்குத் தொலைபேசி எடுத்தேன். பேசியவர் மிகவும் பண்பான இளைஞர்.

"அனுமதி கேட்டு ஒரு கடிதம் தாருங்கள் சேர். காப்புறுதிக்கும் அறிவியுங்கள். அறிவிக்காமல் விட்டால், சில்லு களவு போனாலும் இரும்புச் சில்லுக்குத்தான் காசு வரும். பழைய நாலையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அவை வாகனத்தோடு சேர்ந்தவை. ஏதும் காரணத்தால் நாங்கள் வாகனத்தைத் திரும்ப எடுக்க நேர்ந்தால்…" என்று சொல்லி ஒரு மரியாதையான இடைவெளி விட்டார். "அப்படி நேராது சேர். பழைய நாலையும் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள், கோப்பில் போடுகிறேன்."

பாடசாலையால் வந்ததும் கைத்தொலைபேசியோடு சார்ப்புக்குள் நுழைந்தேன். உச்சிச் சில்லுக்குள் இருந்து இரண்டு கண்கள் என்னை முறைத்தன.

அம்மாவின் செங்கோழி. கீழே வைக்கோல், வைக்கோலுக்குக் கீழே பதினொரு முட்டை.

"இன்று காலைதான் தம்பி அடை வைத்தேன்" என்றார் அம்மா பெருமையோடு. "போன முறை கடகத்தில் வைத்துக் கீரி கொண்டுபோய்விட்டது. இதென்றால் நல்ல உயரம். சுற்றிவர ரப்பர், சூடும் ஆறாது. இந்தச் சில்லுக்காரன் கோழி வளர்த்தவனாகத்தான் இருக்கவேண்டும்."

"அம்மா, இது கொம்பனியின் சில்லு."

"கொம்பனிக்கு என்ன, அவர்களா வந்து அடை இருக்கப் போகிறார்கள்?"

கோழியோடு சேர்த்தே படம் எடுத்து அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: "சேர், மூன்று சில்லும் தெளிவாகத் தெரிகிறது. நாலாவது கோழி மாதிரி இருக்கிறது." நான் விளக்கம் எழுதினேன். அவர் ஒரு சிரிப்பு முகத்தை மட்டும் அனுப்பிவிட்டு மௌனமாகிவிட்டார். அந்தப் படம் கோப்பில் இருக்கிறதா என்று இன்றுவரை கேட்கத் துணிவில்லை.

இரவு மனைவி முடிவைச் சொல்லிவிட்டார். ஓர் இலட்சத்து நாற்பது என்பது கிட்டத்தட்ட இரண்டரைத் தவணை. அதோடு ஜப்பானிலிருந்து வந்த இந்தக் காரில் மேலதிகச் சில்லு கிடையாது. காற்றடிக்க ஒரு சின்ன இயந்திரமும், ஓட்டையை அடைக்க ஒரு போத்தல் பசையும்தான். "காசு கூடிவிட்டது என்றால், ஒரே ஓர் இரும்புச் சில்லு டயரோடு வாங்கிப் பின்னால் போடுங்கள். நாலைப் பளபளப்பாக்கி என்ன பயன், ஐந்தாவது இல்லாதபோது?" எனக்கும் அது சரியாகவே பட்டது. கீறல் விழுந்த பிறகு எதுவும் சரியாகத்தான் படும்.

ஆனால் உடனே கழற்ற முடியவில்லை. கோழிக் கணக்கு 21 நாள். அடைக்கோழியை எழுப்பினால் பாவம் என்று அம்மா சார்ப்பு வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மூன்று சில்லில் கார் ஓடாது. ஒரு கிழமை என்று சொன்ன மச்சானுக்கு ஒரு மாதம் ஆகும் என்று அறிவித்தேன்.

"அப்படியென்றால் வாடகை அத்தான்" என்றான்.

ஆக, கொம்பனியிடம் நான் குத்தகைக்கு எடுத்த கார், மச்சானிடம் வாடகைக்கு எடுத்த சில்லில் ஓடியது. கொம்பனியின் சில்லை நான் எந்த அனுமதியும் இல்லாமல் கோழிக்கு உள்குத்தகைக்கு விட்டிருந்தேன். ஒப்பந்தத்தில் இரண்டு வாசகங்களையும் ஒரே கிழமையில் மீறிய வாடிக்கையாளர் யாழ்ப்பாணத்தில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

பதினொன்றில் ஒன்பது பொரித்தன. அடுத்த சனிக்கிழமை மச்சான் வந்து அலோய் சில்லுகளைக் கழற்றி, இரும்புச் சில்லுகளை வைக்கோல் தட்டி மாட்டினான். கீறலைப் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டான். நான் ஒன்றுவிட்ட சகோதர மூடியைப் பழையபடி பட்டி போட்டுக் கட்டினேன். வாடகைக்கு ஒன்றும் கீறலுக்கு ஒன்றுமாக இரண்டு குஞ்சுகள் என்று பேசி முடித்தோம்.

"பேடாகப் பார்த்துத் தாருங்கள் மாமி" என்றான், பெட்டியை நீட்டி.

அம்மா இரண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இந்த வயதில் சேவலும் தெரியாது, பேடும் தெரியாது தம்பி. ஒரு மாதம் வளர்த்துப் பார். பிடிக்காவிட்டால் கொண்டுவந்து தா."